முப்பத்திரண்டுக்கு இருபது

பஞ்சிகாவத்தையில் பவாஸின் கடைக்குக் கதவில்லை.
பழைய செயின்கள் திரைபோலத் தொங்கும்.
விலக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னேன்:
கியர் எல்லாத்தையும் கழற்றுங்கோ. ஒன்று போதும்.

இருபத்தொன்றும் பழுதா?
இல்லை.
அப்ப?

மழை, சேறு, கம்பிக்குள் சிக்கும் இறப்பர் இலை,
போன ஐப்பசியில் காட்டு நடுவே முறிந்த கொக்கி
எல்லாம் சொல்லலாம்தான்.
சத்தம் கூட, என்றேன்.

செத்த தேளை வாலில் பிடித்துத் தூக்குகிறமாதிரி
பின் கியரைத் தூக்கித் தகர டப்பாவுக்குள் போட்டான்.
பிறகு பேரம், காசுக்கில்லை, பல்லுக்கு.
பதினாறு போடுவம், காலிமுகத்திடலில் பறக்கலாம்.
இருபது.
மிஸ், இருபதென்றால் பேஸ்லைன் ரோட்டில்
தள்ளுவண்டிக்காரனும் முந்திப் போவான்.
முந்தட்டும்.

சோக்கட்டியால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து
இருவரும் எண்ணினோம்,
அவன் சிங்களத்தில், நான் தமிழில்.
முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு இருபது.
ஒரு முழு மிதிக்கு மூன்றேகால் மீட்டர்.
மேடோ பள்ளமோ, இனி அவ்வளவுதான் என் அடி.

பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடினான்.
செயின் கொஞ்சம் சரிந்து ஓடுகிறது.
ஒரு வாஷர் போட்டான். திரும்பக் குந்தினான்.
இன்னொன்று போட்டு, முதல் போட்டதைக் கழற்றினான்.
அச்சைப் பின்னுக்கு இழுத்து முறுக்கிவிட்டு
விரலால் செயினை அமத்திக் காட்டினான்:
இவ்வளவு தாழ வேணும். இறுக்கினால் முனகும்,
விட்டால் மேட்டில் கழன்று உங்கட முழங்காலைத் தின்னும்.

திங்கள் காலை தெமட்டகொடையில்
என் கால்கள் தையல் மெசின் ஊசிபோல அடித்தன.
சைக்கிள் மட்டும் யோசித்து யோசித்துப் போனது.
வெள்ளைக் காற்சட்டைப் பொடியன் ஒருவன்
தோளில் பையோடு, ஒரு கையால் பணிஸ் தின்றபடி
மணியடித்துக் கடந்தான்.
நான் பஸ் நம்பர்களை வாசிக்கிறவள்போல் நடித்தேன்.

ஞாயிறு. மருதானையில் முதல் ரயில், வாகவில் இறக்கம்.
ரயரில் காற்றைக் குறைத்தேன்,
பெருவிரல் கொஞ்சம் புதையும்வரை.
லபுகம பக்கமாய்ச் செம்மண் ரோடு திரும்பியது.

முதல் மேட்டுக்கு இறக்கத்திலேயே கடன் வாங்கவேண்டும்.
மிதித்து மிதித்து வந்த வேகம் பாதியில் தீரும்,
அப்போது எழும்பி நிற்கவேணும்.
கைப்பிடியை இழுக்க, வலது கால் இறங்க, இடது,
ஒரு மூச்சுக்கு ஒரு மிதி.
இரண்டாவதில் எழும்பின கையோடு
பின் சக்கரம் வெறுமனே சுற்றிச் சேற்றை முதுகில் எறிந்தது.
குண்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன்.
பிடித்தது. எந்தக் கணத்தில் பிடித்ததென்று
தொடைக்குத்தான் தெரியும்.

மூன்றாவதில் இறங்கித் தள்ளினேன்.

அங்கே, வளைவில், ஒருவர்
இறப்பர் சீட்டுகளைச் சாக்கில் சுருட்டிக் கட்டின
லுமாலா ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஏறினார்.
மூச்சு ஒழுங்கு வரும்வரை கூட நடந்தோம்.
எத்தனை கியர்? என்றார் சிங்களத்தில்.
ஒன்று.
எனக்கும் ஒன்று.
குனிந்து என் பின்பல்லைப் பார்த்தார்.
வாங்கும்போதே ஒன்றா?
இல்லை, இருபத்தொன்று இருந்தது. கழற்றினேன்.
நின்றுவிட்டார்.
காசு கொடுத்தா?
காசு கொடுத்து.

அவர் சிரித்த சிரிப்பில் சாக்கு அவிழ்ந்து
ஒரு சீட்டு ரோட்டில் விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன். புகை மணத்தது.
எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பிந்தி.

உச்சியில் அவர் இடப்பக்கம் போனார்.
எனக்கு இறக்கம்.
மிதிக்கவே தேவையில்லாத இரண்டு கிலோமீட்டர்,
பின் சக்கரத்தில் ஒரு டிக் டிக் மட்டும்,
அரை பிறேக், பல்லில் மண்.

இரவு மருதானைப் படிகளில்
என் சக்கரம் சிவப்பாய்ச் சொட்டிக்கொண்டே வந்தது.
வீட்டில் செயினை அமத்திப் பார்த்தேன்: தளர்ந்திருந்தது,
ஒரு அரிசியளவு.

மேசை லாச்சியில் பதினெட்டுப் பல்லும்
இருபத்திரண்டுப் பல்லும் பேப்பரில் சுற்றிக் கிடக்கின்றன.
போட்டுப் பார்க்கச் சொல்லிப் பவாஸ் தந்தவை.
எண்ணெய் ஊறி, விவாகப் பகுதியில்
ஒரு பொறியியலாளர் கறுத்துப்போனார்.